வீமன் பின்தொடர்ந்த பெண்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில், எங்கள் கதவுக்கு நேர் எதிராக இருக்கும் கதவு பைறோஸாவுடையது. பதினான்கு ஆண்டுகளாக அவர் எனக்கு அயலவர். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. ஆயினும் அவர்மீது எனக்குப் பொறாமை இருந்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் எழுதுவதில் பாதி பொய்யாகிவிடும்.

பைறோஸா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்; அவர் பேச்சில் 'இருப்பார்' என்பது 'ஈப்பார்' ஆகிவிடும். பதினாறு வயதில் கிராண்ட்பாஸில் ஒரு கடையில் தலையணை உறைகளுக்கு ஓரம் அடிக்கத் தொடங்கினார். இப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. கணவர் அலவி புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையொன்றில் விற்பனையாளர். விடிந்ததும் போனால் இருட்டிய பின்புதான் வருவார். பைறோஸா நாள் முழுவதும் யன்னலோரத்துத் தையல் இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருப்பார். அபாயாக்களும் தைப்பார், ஆனால், கூடுதலாகத் தைப்பது எங்கள் பெண்களின் சேலைக்குரிய சட்டைகளையே. வெள்ளவத்தையில் பாதிப் பெண்களின் இடுப்பளவு அவருக்குத் தெரியும். ஒருவருடைய அளவை இன்னொருவரிடம் அவர் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருந்து எவர் கதைத்தாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். கண் துணியில் இருக்கும், காது நம்மிடம் இருக்கும். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு அது மரியாதைக் குறைவாகவே பட்டது. ஆனால், எங்கள் கட்டடத்தில் மனத்தில் பாரமுள்ள எவரும் அவருடைய கதவைத்தான் தட்டினார்கள். என்னுடைய கதவை எவரும் தட்டவில்லை.

அதையும் நான் பொறுத்திருப்பேன். என் மகள் ஆரணி கணக்கியல் இறுதித் தேர்வில் தவறியபோது, அந்தச் செய்தி எனக்குத் தெரிவதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்னரே பைறோஸாவுக்குத் தெரிந்திருந்தது. சட்டை அளவு கொடுக்கப் போன இடத்தில் சொன்னாளாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னும் முடியவில்லை.

இந்த நிலையில்தான் வீமன் வந்தான்.

ஆரணி இப்போது நுகேகொடையில் வேலை செய்கிறாள். அங்கே தோழியொருத்தியின் வீட்டு நாய் ஐந்து குட்டிகள் ஈன்றது. அவற்றுள் மிகவும் மெலிந்ததை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். பெயர் வைத்தவர் என் கணவர் இராசரத்தினம். பெயரைத் தவிர அந்தக் குட்டியிடம் வீமனுக்குரியது ஒன்றும் இல்லை. கரையோர இரயில் போனால் கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொள்வான். பிரஷர் குக்கர் விசிலடித்தாலும் ஒளிந்துகொள்வான். என் கை அவனை நோக்கி நீண்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்வான். இரவில் மாத்திரம், தூக்கம் வந்த பின், மடியில் கிடக்கச் சம்மதிப்பான்.

மின்தூக்கிதான் பெரிய துன்பமாயிற்று. அதன் கதவு மூடியதும் பயத்தில் நனைத்துவிடுவான். மூன்றாவது முறை நனைத்தபோது தொடர்மாடிக் குழுவின் செயலாளர் ஷிராஸ் ஒரு கடிதம் கொண்டுவந்தார். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை குழுவினர் முன்னிலையில் நாயைக் கயிற்றில் பிடித்து, மின்தூக்கியில் அமைதியாகக் கீழே கொண்டுபோய், நனைக்காமல் மேலே கொண்டுவர வேண்டும். இயலாவிட்டால் நாய் இந்தக் கட்டடத்தில் இருக்க முடியாது. நுகேகொடைத் தோழி வளவுள்ள வீட்டில் அவனைத் திரும்ப ஏற்கத் தயாராக இருந்தாள். எனக்கோ, அவன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஆகவே, தெஹிவளையில் டில்ஷானி என்ற இளம்பெண் தன் வீட்டுப் பின்வளவில் நடத்தும் பயிற்சி வகுப்பில் அவனைச் சேர்த்தேன். சனிக்கிழமை காலை எட்டு மணி. மொத்தம் நான்கு வகுப்புகள். கடைசி ஞாயிறு மூன்றாம் வகுப்புக்கு மறுநாள் வந்தது. புதிய கொப்பியொன்றில் கோடு கிழித்து, உணவு நேரம், கட்டளை, பலன் என மூன்று நிரல்கள் வரைந்துகொண்டேன்.

முதலாவது சனிக்கிழமை மின்தூக்கியின் வாசலிலேயே எல்லாம் குழம்பியது. வீமன் நான்கு கால்களையும் நிலத்தில் ஊன்றி உட்கார்ந்துவிட்டான். இழுத்தேன், கெஞ்சினேன், இறைச்சித் துண்டை நீட்டினேன். அப்போது பைறோஸா தம் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். தெஹிவளையில் நோயாளியாக இருக்கும் தம் அக்கா ஹமீமாவைக் குளிப்பாட்டிச் சமைத்துவைக்க, சனிக்கிழமைதோறும் அவர் போவது வழக்கம். வீமனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அபாயாவின் விளிம்பைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக அவனைக் கடந்து உள்ளே போய், சுவரைப் பார்த்து நின்றார்.

வீமன் எழுந்தான். அவருக்குப் பின்னால் தானாகவே நடந்து உள்ளே போனான். கீழே வந்து சேரும்வரை ஒரு துளியும் நனைக்கவில்லை.

"அட, வந்துட்டானே!" என்றார் பைறோஸா, சுவரைப் பார்த்தபடி.

"ஓம்," என்றேன்.

ஒரே திசையில் போவதால் ஒரே ஓட்டோவில் போனோம். அவர் ஒரு ஓரத்தில் ஒதுங்கி இருந்தார். அவனுக்கென நான் கொண்டுவந்த கூடையில் இருந்த வீமனோ கழுத்தை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றைய வகுப்பில் ஆறு குட்டிகள். ஏனைய ஐந்தும் ஒன்றையொன்று முகர்ந்து விளையாடின. வீமன் என் கதிரைக்குக் கீழே நடுங்கினான். நான் அவனுக்கு நேரே நின்று, விரலை உயர்த்தி, கண்ணைப் பார்த்து, "இரு!" என்று தெளிவாகச் சொன்னேன். நனைத்துவிட்டான்.

"ஆன்ட்டி, சத்தம் கொஞ்சம் குறைங்க. அவர் பாவம்," என்றாள் டில்ஷானி. பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் கதைப்பவள் அவள். நாய்களுக்கும் 'அவர்' என்ற மரியாதை கொடுப்பாள். என் குரல் கடைசி வாங்கிலிருக்கும் மாணவிக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கப்பட்ட குரல். அதை எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை ஹமீமாவைக் கிளினிக்குக்கு அழைத்துப்போயிருந்தார்கள்; பத்து மணிக்குத்தான் திரும்புவார்கள். அதுவரை பைறோஸா டில்ஷானியின் வளவுக்குள், படலைக்கு அருகில் இருந்த வாங்கில் அமர்ந்து, சட்டையொன்றுக்குக் கொளுக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

அன்று, கூப்பிட்டால் வரும் பயிற்சி. டில்ஷானி குட்டியை ஒரு மூலையில் பிடித்துக்கொள்வாள். உரியவர் மறுமூலையில் நின்று அழைக்க வேண்டும். மற்றக் குட்டிகள் ஒவ்வொன்றாக ஓடிப்போய்த் தத்தம் ஆட்களின் கால்களில் விழுந்தன. என் முறை வந்தது. அவித்த கோழி ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு, "வீமா! வா! இஞ்ச வா!" என்று கூப்பிட்டேன்.

வீமன் என்னைப் பார்த்தான். பிறகு மதிலோரமாக, வயிறு நிலத்தில் படும்படி ஊர்ந்து, என்னைத் தாண்டிப் போனான். வாங்கடியில், பைறோஸாவின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்தான். அவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். தம் தையல் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீமன் பெருமூச்சு விட்டு, தாடையை மண்ணில் வைத்தான். பலர் நடுவில் அவன் நடுங்காமல் கிடந்தது அதுவே முதல் தடவை.

"அயித்திக்காரி அர நோனா நே!" என்றார் பெரிய நாயொன்றைக் கொண்டுவந்திருந்த ஒருவர். உரிமைக்காரி அந்த அம்மாதானே என்று பொருள். எல்லோரும் சிரித்தார்கள். ஈரல் என் உள்ளங்கையில் நசுங்கிப்போயிருந்தது.

வகுப்பு முடிந்து, அவரை ஹமீமா வீட்டில் இறக்கிவிடுவதற்காக ஓட்டோவில் போகும்போது கேட்டேன்.

"நீங்கள் இவனுக்கு என்ன குடுக்கிறனீங்கள்?"

"யாருக்கு டீச்சர்?"

"வீமனுக்கு. கதவடியில ஏதோ வைக்கிறனீங்கள்தானே? நான் கோவிக்கேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ."

பைறோஸா திகைத்துப்போனார். "நான் நாயத் தொடவே மாட்டேனே டீச்சர். அதோட ஈரம் பட்டா ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண்ணுஞ் சேர்த்து. அதுக்குப் பொறகுதான் தொழ ஏலும். அவன் கிட்ட வந்தா நான் அபாயாவத் தூக்கிப் புடிக்கிறது நீங்க பாக்கல்லியா?"

"பார்த்தனான். தொடாமலே பிடிச்சு வைக்கிற கெட்டித்தனம் உங்களிட்ட இருக்கு. ஆரணியையும் அப்பிடித்தானே பிடிச்சனீங்கள். என்ர வீட்டில இருக்கிறது ஒண்டையும் விடமாட்டியள் போல."

சொல்லி முடித்தபின்தான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. சாரதி வானொலியின் ஒலியைக் கூட்டினார். ஹமீமாவின் ஒழுங்கைக்கு இன்னும் தூரம் இருந்தது.

"மல்லி, இங்கயே நிப்பாட்டுங்க," என்றார் பைறோஸா, சாரதியைத் தம்பி என்று சிங்களத்தில் அழைத்து. இறங்கினார். வெயிலில் நடந்து போனார். வீமன் கூடையின் விளிம்பில் காலை வைத்து எழும்பி, அவர் மறையும்வரை பார்த்தான்.

வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இஞ்சரும், நாய் எந்தப் பக்கம் போகுதெண்டு பார்த்துச் சண்டை பிடிக்கிற ஆளை நான் இப்பதான் காணுறன்," என்றார் அவர்.

"உங்களுக்கு விளங்காது."

"விளங்குது. நீர் அவவிட்ட நாயைப் பற்றித்தானோ கதைச்சனீர்?"

நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அந்த வாரம் முழுவதும் எதிர்க்கதவு நாங்கள் வெளியே நின்ற வேளைகளில் திறக்கப்படவில்லை. நாங்கள் போகும்வரை அவர் உள்ளே காத்து நிற்பது, தையல் இயந்திரம் சட்டென்று நிற்பதிலிருந்து தெரிந்தது. வீமன் அந்தக் கதவின் கீழிடுக்கில் மூக்கை வைத்து முகர்வான். பிறகு என்னைப் பார்ப்பான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடிப் படிகளையும் இறங்கினேன். முழங்கால் இரண்டும் வீங்கின. கொப்பியில் பலன் என்ற நிரல் வெறுமையாகவே இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை டில்ஷானி படலையைத் திறந்ததும், "அந்த மற்ற ஆன்ட்டி வரல்லியா?" என்று கேட்டாள்.

"அவர் ஏன் வர வேணும்? நாய் என்னுடையது."

"இல்ல ஆன்ட்டி, அவங்களப் பார்த்துப் படிக்கச் சொல்ல நினைச்சேன்." அவள் என் முன்னால் நடந்து காட்டினாள். "அவங்க நேராப் பார்க்கிறது இல்ல. பக்கமாத் திரும்பி இருக்கிறாங்க. கை நீட்டுறது இல்ல. கூப்பிடுறது இல்ல. பயந்த குட்டிக்கு அதவிட நல்ல ஆள் கிடைக்காது. அவங்க எங்க படிச்சாங்க?"

எங்கே படித்தார் என்பது எனக்குத் தெரியும். ஈரம் பட்டுவிடக் கூடாதே, தொழுகை தவறிவிடக் கூடாதே என்ற கவனத்தில் படித்தார். அவனை எட்ட வைப்பதற்காக அவர் செய்த ஒவ்வொன்றும் அவனைக் கிட்ட வரவழைத்திருக்கிறது. கண்ணுக்குக் கண் பார்த்து, விரல் நீட்டி, பெயர் சொல்லி அழைத்து, அவனை எனக்குரியவனாக்க நான் செய்த ஒவ்வொன்றும் அவனை விரட்டியிருக்கிறது.

"இப்ப என்ன செய்ய வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமே செய்யாதீங்க. இந்தப் பாயில அங்கால திரும்பி இருங்க. இருபது நிமிஷம்."

ஒன்றும் செய்யாமல் இருபது நிமிடங்கள் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன். மதிலில் படர்ந்திருந்த பாசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதோ ஒரு மூச்சு என் குதிகாலில் பட்டது, விலகியது. மறுபடியும் வந்து, கவிழ்த்து வைத்திருந்த என் கையின்மீது ஈர மூக்கு ஒருமுறை பட்டது. திரும்பிப் பார்த்தேன். ஓடிவிட்டான்.

"ஆன்ட்டி!" என்றாள் டில்ஷானி, பாடம் ஒப்புவிக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல்.

அன்று பிற்பகல் எதிர்க்கதவைத் தட்டினேன். பைறோஸாதான் திறந்தார். என்னைக் கண்டு முகம் இறுகியது. ஆயினும் வழிவிட்டார்.

"இருங்க. நெலத்துல ஊசி கெடக்கும், பாத்து," என்று சொல்லிவிட்டு இயந்திரத்தில் போய் அமர்ந்தார். கண் துணிக்குப் போனது.

எந்த ஒழுங்கில் எதைச் சொல்வதென்று படியில் நின்று நான் ஆயத்தம் செய்திருந்தேன். அதில் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை என்பதால் எனக்குச் சொல்ல முடிந்தது. நான் சொன்னது பிழை என்றேன். பொறாமையில் சொன்னேன் என்றேன். ஆரணியைப் பற்றிய மனத்தாங்கல் ஆறு வருடமாக உள்ளே கிடந்தது என்றேன். பாதியில் குரல் உடைந்தது. அவர் நிமிரவில்லை. இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. என் பிள்ளையும் இதே கதிரையில் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று அப்போதுதான் தோன்றியது. என் முகத்துக்கு நேரே நின்று தோல்வியைச் சொல்ல அவளுக்கு ஒன்பது நாள்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

"அண்டைக்கே எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, பைறோஸா?"

"அது என்ட சேதி இல்லியே டீச்சர்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சற்றுப் பொறுத்து, "நானும் ஒண்ணு சொல்லவா? சிரிக்கப்படாது," என்றார்.

"சொல்லுங்கோ."

"ராவையில நீங்க அவன மடியில போட்டு காதைத் தடவிட்டு ஈப்பீங்க. கதவு தொறந்தீந்தா எனக்குத் தெரியும். அவன் என்ட காலடிக்கி வந்து வந்து படுக்கிறான், ஒருக்கா தலையத் தடவ ஏலுதா எனக்கு? உங்களப் பாக்கக்குள்ள எரியும் டீச்சர். சத்தியமா எரியும்."

அதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை நான் மறைக்கப்போவதில்லை. அது நல்ல மகிழ்ச்சியன்று, இருந்தாலும் மகிழ்ச்சி.

"நாளைக்கிக் காலையில கொமிட்டி வருது என்ன?" என்று கேட்டார். "நான் வெளிய வரணுமா?"

"வேண்டாம்," என்றேன். மன்னிப்புக் கேட்டு ஐந்து நிமிடமும் ஆகவில்லை. "நான் தனியச் செய்து பார்க்கிறன். நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கோ."

"சரி டீச்சர்," என்றார், ஊசியில் நூல் கோத்தபடி.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஷிராஸும் குழுவினர் இருவரும் வந்தார்கள். நான் வீமனைப் பார்க்காமல் மின்தூக்கிக்குள் போய், பக்கவாட்டாகத் திரும்பி நின்றேன். கயிற்றைத் தளர விட்டேன். கதவு மூடாதபடி கணவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

வீமன் வாசல்வரை வந்தான். ஒரு முன்காலை உள்ளே வைத்தான். பிறகு காலை எடுத்துவிட்டான். அவனுடைய தொடைகள் நடுங்கத் தொடங்கின. நடுங்கியபின் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"டீச்சர், ஏலாட்டிப் பரவாயில்ல. மிருகந்தானே, பாவம். வேற எடம் ஈக்கிது தானே அவனுக்கு," என்றார் ஷிராஸ். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அதனால்தான் பயந்தேன். இரக்கத்தோடு எடுக்கும் முடிவை மாற்றுவது கடினம்.

இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் அவன் எனக்காக வந்திருக்கக்கூடும். அந்த வாரம் எனக்கு இல்லை. தனியாக முயன்று அவனை இழப்பதா, மூன்று ஆண்களுக்கு முன்னால் என் நாய் எனக்குப் பின்னால் வராது என்று ஒப்புக்கொள்வதா? ஒரு நிமிடம், மெய்யாகவே ஒரு நிமிடம், நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்து எதிர்க்கதவைத் தட்டினேன்.

"பைறோஸா, ஒருக்கா வாங்கோ. நீங்கள் முன்னுக்குப் போனாத்தான் இவன் வருவான்."

கதவு உடனே திறந்தது. அவர் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"கொமிட்டி சொன்னது, நாய் வெச்சிருக்கிறவங்கதான் கொண்டு போகணும் எண்டு…" என்று ஷிராஸ் இழுத்தார்.

"கயிறு என்ர கையிலதான் இருக்கு. முன்னுக்கு ஒருத்தரும் நடக்கப்படாதெண்டு உங்கடை கடிதத்தில இல்லை, தம்பி."

பைறோஸா யாரையும் பார்க்கவில்லை. அபாயாவில் ஒட்டியிருந்த நூல்துண்டுகளைத் தட்டிவிட்டு, விளிம்பைத் தூக்கிப் பிடித்து, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். வீமன் அவருக்குப் பின்னால் போனான். நான் வீமனுக்குப் பின்னால் போனேன். கீழே இறங்கினோம், வாசல்வரை நடந்தோம், திரும்பி மேலே வந்தோம். ஷிராஸ் குனிந்து மின்தூக்கியின் தரையைப் பார்த்தார். உலர்ந்திருந்தது. கடிதத்தின் அடியில் 'அனுமதிக்கப்படுகிறது' என எழுதிக் கையொப்பமிட்டார்.

அவர்கள் போனபின் கயிற்றைக் கழற்றினேன். பைறோஸா தம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வீமன் நேரே அந்தக் கதவடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் இனி எங்கள் வீட்டில்தான் இருப்பான், இதற்குமேல் இப்போது எதையும் கேட்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகும் எரிந்தது. எங்கள் வாசற்படியில், அவனுக்குப் பக்கவாட்டாக, வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நேரம் போனது. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், போய்ட்டானா? எனக்குக் கடைக்கிப் போகணும்."

"இல்லை, இன்னும் இருக்கிறான்."

"எவ்வளவு நேரம் ஈப்பான்?"

"தெரியாது," என்றேன், திரும்பிப் பார்க்காமல். "நானும் இருக்கிறன்."